லைசென்ஸ் கொப்பி

2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த கிழமை. கொழும்பில் இருந்த ஒருவருக்கும் அது மறந்திருக்காது. வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டின் நாலாம் மாடிக் குசினியில், பிறிட்ஜுக்குள் எங்களுடைய 16 போத்தல் இஞ்சி பியர் இருந்தது. இஞ்சி, சீனி, தேசிக்காய், கொஞ்சம் ஈஸ்ட், அவ்வளவுதான். குளிரில் ஈஸ்ட் அரை நித்திரையில் கிடக்கும். குளிர் விட்டால் எழும்பி மிச்சமிருக்கிற சீனியைத் தின்னத் தொடங்கும். தின்னத் தின்ன வாயு வரும். மூடியை இறுக்கியிருந்தால் வாயு போக வழியில்லை. இதெல்லாம் எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. எங்களில் ஒருத்தி உணவு விஞ்ஞானத்தில் பட்டம் எடுத்தவள். தெரிந்திருந்தும் இரவு பத்தரை மணிக்கு முதலாவது போத்தல் வெடித்தது.

பிறகு இரண்டாவது. பிறகு எண்ணவில்லை.

கீழ் மாடியில் யாரோ கத்தினார்கள். படிக்கட்டு முழுக்க போன் வெளிச்சம். இந்த நகரத்தில் எங்கட ஆட்களுக்கு இரவில் கேட்கிற வெடிச்சத்தம் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. எங்களில் கொட்டாஞ்சேனைக்காரி, 2019 ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீட்டில் இருந்தவள். போத்தல்தான் வெடித்தது, அதையும் தான்தான் அடைத்தாள் என்று தெரிந்தும், சுவரோடு ஒட்டிக் குந்திக்கொண்டு காதைப் பொத்தினாள். நாங்கள் மற்ற இரண்டு பேரும் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டோம். "மாமி, சோடாப் போத்தல் மாமி. ஒண்டும் இல்லை."

அடுத்த நாள் மூன்றாம் மாடி ஐயா கதவைத் தட்டினார். ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். "மிச்சம் ஏதும் இருக்கோ தம்பி?" என்று கேட்டார். ஐந்து போத்தல் தப்பியிருந்தது. ஒன்றைக் குடித்துவிட்டு, "இதைக் கடையில குடுக்கலாமே" என்றார். சனியன் அங்கேதான் தொடங்கியது.

நாங்கள் மூன்று பேர். வெள்ளவத்தைக்காரன் அந்த ஃபிளாட்டிலேயே வளர்ந்தவன். கொட்டாஞ்சேனைக்காரி உணவு விஞ்ஞானி. மூன்றாமவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹம்டன் ஒழுங்கையில் அறை எடுத்திருக்கிற கணக்காளன். இஞ்சி பியரில் தொடங்கிய கதை ஒரு மாதத்தில் உண்மையான பியருக்குப் போய்விட்டது. காரணம் லயன் ஸ்டவுட். மைக்கல் ஜக்சன் என்று ஒருவர் இருந்தார். பாடகர் இல்லை, பியர் பற்றி எழுதிய ஆங்கிலேயர். அவர் எங்கட ஊர் ஸ்டவுட்டை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர். சரி, கறுத்த பியருக்கு இவ்வளவு பெயர் இருக்கென்றால், அதில் பனங்கட்டி போட்டுக் காய்ச்சினால் எப்படியிருக்கும்? வறுத்த மோல்ட்டின் கசப்பும் பனங்கட்டியின் அந்தக் கருகின இனிப்பும். சின்னதாக ஒரு இடம். ஒரு தடவைக்கு 500 லீற்றர். வாரம் ஒரு தடவை. நாலு மேசை, பக்கத்தில் இறால் வடை.

கணக்காளன் 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கினான். மட்டையில் 'லைசென்ஸ்' என்று எழுதினான். எங்கெங்கே என்னென்ன அனுமதி எடுக்க வேண்டும் என்று அதில் எழுதிக்கொண்டு போனால் கடைசிப் பக்கத்தில் பியர் வரும் என்பது எங்கள் நம்பிக்கை.

முதல் பக்கத்தில் சட்டம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம். டைட்டானிக் தாண்ட வருஷம். எத்தனையோ திருத்தம் வந்தாலும் அடிக்கல் இன்னும் அதுதான். அதை வாசிக்க உட்கார்ந்தபோது எங்களுக்குப் பிடிபட்ட முதல் விஷயம், அது எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறது என்பது. செய்வதற்கு ஒரு அனுமதி. வைத்திருப்பதற்கு, கொண்டுபோவதற்கு, போத்தலில் அடைப்பதற்கு, விற்பதற்கு வேறு வேறு. விற்பதிலும், வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற கடை ஒன்று, இருந்து குடிக்கிற இடம் இன்னொன்று, ஹோட்டல் மற்றொன்று. நாங்கள் கனவு கண்டது காய்ச்சுகிற தாழியும் குடிக்கிற மேசையும் ஒரே கூரைக்குக் கீழே. சட்டத்தின் கண்ணில் அது ஒரு சின்னக் கடை இல்லை. ஒரு தொழிற்சாலையும் ஒரு களஞ்சியமும் ஒரு மதுபானசாலையும்.

இன்னொன்றும் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சுவது மட்டும் குற்றம் இல்லை. காய்ச்சும் நோக்கத்தோடு பாத்திரமும் சாமானும் வைத்திருப்பதும் குற்றம்தான். நாங்கள் மூன்று பேரும் குசினி மூலையில் இருந்த 20 லீற்றர் வாளியைப் பார்த்தோம். இஞ்சி பியருக்கு வாங்கிய வாளி. பக்கத்தில் தெர்மோமீற்றர். நோக்கம் எங்கள் மூளைக்குள் இருந்தது. அன்றைக்கே வாளிக்குள் அரிசியைக் கொட்டி வைத்தோம். ஆகவே, பனங்கட்டி ஸ்டவுட் எப்படியிருக்கும் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. வீட்டில் ஒரு போத்தலாவது காய்ச்சிப் பார்க்காமல் லைசென்ஸுக்குப் போடவேண்டும். அமெரிக்காவிலேயே 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டில் பியர் காய்ச்சுவது மத்திய சட்டப்படி குற்றமில்லை என்றானது. இன்றைக்கு அங்கே இருக்கிற சின்னச் சின்ன பியர்க்காரர்களில் கனபேர் அப்படி வீட்டு வாளியில் பழகி வந்தவர்கள்.

1912க்கு முந்தின கதை இன்னும் சுவாரசியம். ஆங்கிலேயர் ஆட்சியில் சாராயம் விற்கும் உரிமையைப் பிரதேசம் பிரதேசமாக ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர்கள் குத்தகைக்காரர். அந்தக் காசில் தென்னந்தோட்டம், காரீயச் சுரங்கம், கொழும்பில் மாளிகை, பிள்ளைகளுக்கு இங்கிலாந்துப் படிப்பு. இந்த நாட்டின் பெரிய குடும்பங்கள் சில எப்படி எழும்பின என்று குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வந்த தன் புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். 1912இல் புதுச் சட்டத்தோடு ஊர் ஊராகக் கள்ளுத் தவறணை திறக்கப் போகிறார்கள் என்றதும் மதுவிலக்கு இயக்கம் கிளம்பியது. பிறகு நாட்டின் முதல் பிரதமரான டி. எஸ். சேனநாயக்க பொதுவாழ்வுக்குள் வந்தது அந்த வழியில்தான். லைசென்ஸ் என்றால் இங்கே அன்றைக்கே அரசியல்.

பியருக்கும் ஒரு பழைய கதை உண்டு. நுவரெலியாவில் குடியேறி, இங்கிலாந்து மாதிரியே ஒரு ஊர் செய்யப் பார்த்த சாமுவேல் பேக்கரிலிருந்து லயன் தன் வரலாற்றைத் தொடங்கும், ஆண்டு 1849. 1881இல் சிலோன் பிரூவரி. மலையில் இருந்த ஆலை 1990களின் கடைசியில் பியகமவுக்கு இறங்கி வந்தது. 2016 மே வெள்ளத்தில் அந்த ஆலை மூழ்கி மாதக் கணக்கில் நின்றபோது, நாடு முழுக்கக் கடைகளில் பியர் தட்டு காலியாகக் கிடந்தது. ஒரே ஒரு ஆலைக்குள் தண்ணீர் வந்ததற்கு! அந்தக் காலி ராக்கைகள்தான் எங்கள் வியாபாரத் திட்டத்தின் முதலாவது பந்தி. வேறு ஒன்றிரண்டு கொம்பனிகளும் இருக்கின்றன. ஆனால் எல்லாமே பெரிய ஆட்கள்.

இரண்டாம் பக்கம்: இடம்.

பாடசாலைக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் கிட்ட மதுபானக் கடைக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்பது விதி. நியாயமான விதிதான். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையின் வரைபடத்தை விரித்து, கவராயம் எடுத்து வட்டம் கீறத் தொடங்கினோம். பேச்சுக்கு 100 மீற்றர் என்று வைத்துக்கொண்டோம். சாந்த லூசியா பேராலயம், ஒரு வட்டம். பக்கத்தில் சென் பெனடிக்ட் கல்லூரி. நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலை. முத்துமாரியம்மன். தீபதுத்தாராமய விகாரை. கொச்சிக்கடைப் பக்கம் போனால் பொன்னம்பலவாணேஸ்வரர், அந்தோனியார். அங்கால செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்கள். அதற்குள் பள்ளிவாசல்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு வட்டங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறி மீன் செதில் மாதிரி ஆகிவிட்டது. மிஞ்சியது துறைமுக மதிலோரம் ஒரு முக்கோணம். கொட்டாஞ்சேனைக்காரி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அதில மாதா சிலை இருக்கு." நாலு பக்கமும் கண்ணாடி வைத்த கூடு, பூமாலை. அது வழிபாட்டுத் தலமா இல்லையா என்று அரை மணித்தியாலம் தர்க்கம் நடந்தது.

வெள்ளவத்தையும் அப்படித்தான். இராமகிருஷ்ண மிஷன், சைவ மங்கையர், மயூரபதி அம்மன். கடலும் தண்டவாளமும் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டது. காலி வீதியில் வாடகை கேட்டபோது கணக்காளன் கொப்பியை மூடிவிட்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான்.

கீறி முடித்த பிறகுதான் உறைத்தது. இந்த வட்டங்களுக்கு உள்ளே ஏற்கெனவே எத்தனை பார், எத்தனை வைன் ஸ்ரோர்ஸ்? நாங்கள் சின்ன வயதிலிருந்து கடந்து போகிற பெயர்ப்பலகைகள். விதிக்கு முந்தியே வந்தவை சில இருக்கலாம். அது எப்படி என்று நாங்கள் தோண்டவில்லை. ஒரு விதி புதிதாக வருகிறவனைத்தான் முதலில் பிடிக்கும் என்பது விளங்கியது.

மற்றப் பக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொம்பனிப் பதிவு, வரி இலக்கம், வற் பதிவு. மாநகரசபையின் வியாபார அனுமதி, கட்டிடத்தைத் தொழிற்சாலையாகப் பாவிக்க நகர அபிவிருத்தி அதிகாரசபை, தீயணைப்பு, பீ.எச்.ஐ. மோல்ட்டும் ஹொப்ஸும் இந்த மண்ணில் விளைவதில்லை, எல்லாம் இறக்குமதி. 2022இல் டொலர் இல்லாத நாட்டில் அதை யோசிக்கவே சிரிப்பு வரும். போத்தல் வெளியே போகமுதல் வரியும் அதற்குரிய ஸ்டிக்கரும். விற்ற பிறகும் 21 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கும் கொடுக்கக்கூடாது, விளம்பரம் போடக்கூடாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். போயா தினம் பூட்டு. இதில் ஒன்றும் எங்களுக்கு அநியாயமாகப் படவில்லை.

சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் மட்டும் எங்களை நிறுத்தி வைத்து யோசிக்க வைத்தது. ஒரு லீற்றர் பியர் செய்ய சின்ன இடங்களில் ஏழெட்டு லீற்றர் தண்ணீர் போகும். தாழி கழுவ, குழாய் கழுவ, திரும்பவும் கழுவ. அந்தக் கழிவுநீரில் சீனியும் ஈஸ்ட்டும் இருக்கும். அப்படியே ஆற்றில் விட்டால் அதைத் தின்ன வருகிற நுண்ணுயிர்கள் தண்ணீரில் இருக்கிற ஒட்சிசனை எல்லாம் எடுத்துவிடும். மீன் செத்து மிதக்கும். வெள்ளவத்தைக் கால்வாயில் வேறு யாரும் புதிதாக ஒன்றும் ஊற்றத் தேவையில்லை என்பது அந்தப் பாலத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற எல்லோருக்கும் தெரியும். ஆகவே சுத்திகரிப்புத் தொட்டி வேண்டும். தொட்டிக்கு இடம் வேண்டும். மேசை நாலில் இருந்து இரண்டாகக் குறைந்தது.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மூன்று பேரும் ஒரு கந்தோருக்குப் போனோம். எந்தக் கந்தோர் என்று சொல்லப் போவதில்லை. மூன்றாவது மேசையில் ஓய்வுக்குக் கிட்ட வந்த தமிழ் உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். எங்களைப் பார்த்ததும் "என்ன பிள்ளையள், பிறப்புச் சான்றிதழோ?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு தாளை எடுத்துத் தந்தார். அதில் இருந்த கேள்விகள் எங்களை மாதிரி ஆட்களை நினைத்து எழுதப்பட்டவை இல்லை. வருடாந்த உற்பத்தி, முதலீடு, பணிப்பாளர் சபை, களஞ்சியத்தின் கொள்ளளவு. நாங்கள் வருடத்துக்கு 26,000 லீற்றர் என்று சொன்னோம். அவர் 26 இலட்சமா என்று திருப்பிக் கேட்டார்.

"விண்ணப்பம் போடலாமா சேர்?"

"போடலாம் தங்கச்சி. போடுறதுக்கு ஆர் மறிச்சது?"

"கிடைக்குமா?"

"அது போடுறதில்லை, கிடைக்கிறது. ரெண்டும் வேற." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு மேல ஆரையாவது தெரியுமோ?" என்றார். அதட்டலாகக் கேட்கவில்லை. உறவு முறை விசாரிப்பது மாதிரி, ஒரு அக்கறையோடு கேட்டார். எங்களுக்கு மேலே தெரிந்தது நாலாம் மாடிக்கு மேல் மொட்டைமாடிதான்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் 2024 கடைசியில் நாட்டுக்கே விளங்கியது. ஆட்சி மாறிய பிறகு டிசம்பரில், அந்த வருடம் கொடுக்கப்பட்ட முந்நூற்றுக்கு மேற்பட்ட மதுபான லைசென்ஸுகளின் பட்டியல் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. யார் யாருக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார்கள் என்பதுதான் அந்தத் தேர்தல் காலம் முழுக்க வடக்கில் பேச்சு. எங்கட கொப்பியில் நாற்பது பக்கம் நிரம்பியிருந்தது. சிபாரிசுக் கடிதம் என்று ஒரு பக்கம் இருக்கவில்லை.

வெளிநாட்டில் எப்படி என்று தேடினோம். ஜப்பானில் 1994க்கு முதல், வருடத்துக்கு 20 இலட்சம் லீற்றர் காய்ச்சாதவனுக்கு பியர் லைசென்ஸ் இல்லை. அதை 60,000 லீற்றராகக் குறைத்தார்கள். அதோடு ஊருக்கு ஊர் சின்ன ஆலைகள் முளைத்தன. எங்கட 26,000 அந்தக் குறைத்த கணக்குக்கும் பத்தாது, அது வேறு விஷயம். தாய்லாந்துக் கதை எங்களுக்கு மிகவும் பிடித்தது. தாவோபிபோப் லிம்ஜித்ரகோர்ன் என்று ஒரு இளைஞர், வீட்டில் பியர் காய்ச்சியதற்காக 2017இல் பிடிபட்டு அபராதம் கட்டினார். அங்கே அப்போது ஆலை என்றால் வருடத்துக்கு ஒரு கோடி லீற்றர் காய்ச்ச வேண்டும். ஒரு கோடி பாட் முதல் வேண்டும். அந்த ஆள் 2019இல் தேர்தலில் நின்று எம்.பி. ஆகி, சபைக்கே சட்டமூலம் கொண்டுவந்தார். சட்டமூலம் தோற்றது, ஆனால் 2022 நவம்பரில் அரசாங்கமே அந்த எல்லைகளைத் தளர்த்த வேண்டி வந்தது. கிட்டத்தில் பார்த்தால், இந்தியாவில் பூனேயில் இருக்கிறது, பெங்களூரில் இருக்கிறது. பாண்டிச்சேரியிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சில்லறைக் கடை அரசாங்கத்தின் டாஸ்மாக் கையில்.

குறைந்தபட்ச அளவு என்கிற ஒரு எண்ணை வைத்தே சின்ன ஆளை வாசலில் நிறுத்திவிடலாம். தடை என்று எங்கேயும் எழுதத் தேவையில்லை.

இப்ப கொட்டாஞ்சேனைக்காரியின் பக்கம். கொப்பியில் அவளே எழுதிய ஒரே பக்கம் அது. 1979ஆம் ஆண்டு மதுவரி அறிவித்தல் ஒன்றின்படி பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று இருந்தது. மதுபானத் தொழிலில் பெண்களை வேலைக்கு வைப்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெற வைத்தார். சில பெண்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். ஈஸ்ட் பற்றி எங்கள் மூன்று பேரிலும் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். எங்கள் இடம் திறந்தால் அதில் வேலை செய்யலாமா என்று கேட்க வேண்டியிருந்தவளும் அவள் மட்டும்தான்.

ஆனால் அவள் எழுதியது அதோடு முடியவில்லை. அவளுடைய வீடு இருக்கிற தோட்டத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் என்ன என்று கீழே எழுதியிருந்தாள். சம்பளக் காசு ஒழுங்கை முனையைத் தாண்டி வீட்டுக்கு வந்து சேராத வீடுகள். மாமா ஒருவர் ஈரல் போய்ச் செத்தது. கசிப்புக் குடித்துக் கண் போனவர். "நாங்கள் செய்யப் போறது அது இல்லை, கிராஃப்ட் பியர் எண்டு சொல்லுவம். அம்மாவுக்கு முன்னால நிண்டு அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தன். சிரிப்பு வந்தது." இதுதான் அவளுடைய கடைசி வரி. நாங்கள் அதை வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் புதுப் பாருக்கு எதிராகப் பதாகை பிடித்து நிற்கிற பெண்களின் படம் பேப்பரில் வரும்போதெல்லாம் எங்களுக்கு இந்தப் பக்கம்தான் ஞாபகம் வரும். அவர்கள் எதிர்ப்பது எங்களை மாதிரி ஆட்களை இல்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

வெள்ளவத்தைக்காரனின் அப்பா எங்கள் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தார். இஞ்சி பியர் வெடித்த இரவில்கூடத் துடைப்பத்தோடு வந்து கண்ணாடித் துண்டு கூட்டினவர். கொப்பியைக் கண்ட அன்றைக்குத்தான் வெடித்தார்.

"நான் இந்த ஃபிளாட்டில முப்பது வருசமா ஒருத்தருக்கும் சொல்லாததை, நீ போர்ட் எழுதித் தொங்கவிடப் போறியோ?"

எங்களுக்கு விளங்கவில்லை. அவனுக்கும் விளங்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது அப்பப்பா வடமராட்சியில் 'தோட்டம்' செய்தவர் என்பதுதான். அவர் சீவல் தொழிலாளி. பனை ஏறினவர். அதை அவனுக்கு 26 வயதில், சோற்றுக் கோப்பைக்கு முன்னால், நாங்கள் இரண்டு பேர் வெளி ஆட்களும் இருக்கும்போது அப்பா சொன்னார். கோபத்தில் வந்துவிட்டது. பிறகு நிற்பாட்ட முடியவில்லை.

அந்தக் காலத்தில் மரவரி. மரத்துக்கு இவ்வளவு என்று அரசாங்கத்துக்குக் கட்டவேண்டும். மரத்தில் இலக்கம் அடித்திருக்கும். மரம் காணிக்காரருடையது, அவருக்கும் பங்கு போகும். ஏறுகிறவருக்குத் தளநாரும் கத்தியும் முட்டியும். விடிய ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால், ஒவ்வொரு மரமும் ஏறிப் பாளை சீவ வேண்டும். ஒரு நாள் தவறினால் பாளை காய்ந்துவிடும். ஆகவே காய்ச்சல் என்றாலும் ஏற வேண்டும். 1970களின் தொடக்கத்தில் மரவரி போய்த் தவறணை முறையும் கூட்டுறவுச் சங்கங்களும் வந்தபோது அப்பா சின்னப் பொடியன். சங்கம் வந்ததில் அப்பப்பாவுக்குச் சந்தோசம். முதல் தடவையாகக் காசு மாதக் கணக்கில் எழுத்தில் வந்தது.

"அவர் லைசென்ஸோடதான் ஏறினவர். உங்கட கொப்பியில இருக்கிற மாதிரி எல்லாம் கட்டி, எல்லாம் சரியா வைச்சிருந்தவர். அவற்ற கள்ளை வாங்கிக் குடிச்ச ஆக்கள், அவர் வந்தா முத்தத்தில நிப்பாட்டித்தான் கதைச்சவை. கதிரை குடுக்கேல்லை."

கணக்காளன் சோற்றைப் பிசைந்துகொண்டு கீழே பார்த்தான். அவனுடைய குடும்பமும் வடமராட்சிதான். அவன் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மறைன் ட்றைவ் கட்டில் இருக்கும்போது சொன்னான், தங்கட வீட்டு முற்றத்திலும் அப்படி ஒருவர் வந்து நிற்பவர் என்று. அவருடைய பெயர் தனக்குத் தெரியாது என்றும், வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பது மட்டும் ஞாபகம் என்றும் சொன்னான். அந்தச் சொல்லை எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்தக் கிழமை நாங்கள் மூன்று பேரும் சரியாகச் சந்திக்கவில்லை. எங்களுக்குள் ஏதோ ஒன்று இடறிவிட்டது. பெங்களூர்ப் படங்களைப் பார்த்து நாங்கள் ஆசைப்பட்ட செப்புத் தாழி, கறுப்புப் பலகை, சோக்கட்டியில் எழுதின விலை, எல்லாம் இருக்கட்டும். பிளாவில் வார்த்துக் குடிக்கிற கள், பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலும் முட்டியிலும் இருக்கிற ஈஸ்ட்டால் தானாகப் புளிக்கத் தொடங்கி, பொழுதுபடமுதல் பியர் அளவு வெறிக்கு வந்துவிடும். மோல்ட் இல்லை, டொலர் இல்லை, தாழி கழுவ ஏழு லீற்றர் தண்ணீர் இல்லை. அதைச் செய்த மனிசனைப் பற்றி ஒரு பிள்ளைக்கு 26 வருடம் சொல்லாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. நாங்கள் வெளிநாட்டு யீஸ்ட் பைக்கற்றுக்கு இணையத்தில் விலை பார்த்துக்கொண்டிருந்தோம்.

விண்ணப்பம் போடவில்லை. கந்தோரில் தந்த தாள் கொப்பிக்குள் மடித்தபடி கிடந்தது. காசு இல்லை, மேலே ஆளும் இல்லை. கொட்டாஞ்சேனைக்காரியின் பக்கத்துக்கு எங்களிடம் பதிலும் இல்லை. அவளுக்கு இப்ப ஒரு யோகட் கொம்பனியில் வேலை. வாளியிலிருந்த அரிசியைத் தீர்த்துவிட்டுத் திரும்பவும் இஞ்சி பியர் போடுகிறோம், பிறந்தநாள்களுக்கு. மூடியை இறுக்குவதில்லை.

போன தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் குசினியில் இஞ்சி இடித்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து வாளியின் மேல் குனிந்து மணந்து பார்த்தார். "இது நாளைக்கு ஏறிடும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டோம். முட்டிக்குக் கிட்டக் காதை வைத்தால் சத்தம் கேட்கும், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தன்னுடைய அப்பு சொல்லுவார் என்றார். சுண்ணாம்பு பூசின முட்டியில் சத்தம் வராது. அது கருப்பணி, பிள்ளைகளுக்கும் பனங்கட்டிக்கும். பூசாத முட்டி மழை பெய்கிற மாதிரிச் சத்தம் போடும். கொட்டாஞ்சேனைக்காரி உடனே காதைக் கொண்டுபோய் வாளியில் வைத்தாள். அதே காது.

பிறகு அவர் கொப்பியைக் கேட்டார். இன்னும் இருக்கோ என்று. எடுத்துக் கொடுத்தோம். மடித்த தாளை விரித்து, கண்ணாடி போடாமல் தூரப் பிடித்து வாசித்தார். நாங்கள் பென்சிலால் நிரப்பிப் பார்த்த தாள். 'இத்துறையில் முன் அனுபவம்' என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தோம்.

"பேனை ஒண்டு தா" என்றார்.

அப்பப்பாவின் முழுப் பெயரை எழுதினார். அதற்குக் கீழே, ஊர். அதற்குக் கீழே, 'மரம் 14' என்று எழுதிவிட்டு, விரல் மடித்து ஏதோ எண்ணி, வெட்டி, 16 என்று திருத்தினார்.